தேயிலைப் பெட்டிச் சீலிங்

தகரக் கூரைக்குக் கீழே வளர்ந்தவர்கள் உங்களில் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது. இருந்தால் கையைத் தூக்குங்கள். உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களும் வாசிக்கலாம். ஆனால் கச்சான் காற்று அனலாக வீசும் மாதங்களில், பகல் இரண்டு மணிக்கு அந்தத் தகரம் எப்படிச் சொடுக்குப் போடும் என்பதை அவர்களுக்கு எழுத்தில் விளக்க என்னால் ஏலாது.

போன கிழமை என் வீட்டில் புதுச் சீலிங் அடித்தார்கள். பழைய சீலிங்கைக் கழற்றாமல், அதற்குக் கீழேயே இன்னொன்று. வேலைக்கு வந்த தச்சுப் பாஸுக்கு முப்பது வயது இருக்கும். வெள்ளியாக மினுங்கும் ஒரு சுருளை விறாந்தையில் விரித்து, "அன்ரி, இது இப்ப வந்த புதுச் சாமான். மேலயிருந்து வாற வெக்கையை அப்பிடியே திருப்பி அனுப்பிப்போடும்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் பயந்துபோய், "என்ன அன்ரி, பிழையோ?" என்று கேட்டார்.

பிழையே இல்லை. ஒன்பது வயதில் ஒரு கச்சான் காலம் முழுவதும் நான் அந்தச் சாமானோடுதான் கிடந்து உருண்டேன். அதை அவருக்குச் சொல்லத் தொடங்கினால் அன்றைக்கு வேலை நடந்திருக்காது. அதனால் உங்களுக்குச் சொல்கிறேன்.

நாங்கள் அப்போது திருகோணமலையில், துறைமுகப் பக்கத்து ஒழுங்கை ஒன்றில் வாடகைக்கு இருந்தோம். ஒழுங்கை முனையில் நின்றால் நங்கூரம் போட்ட கப்பல்கள் தெரியும். அப்பாவுக்குத் துறைமுகத்தில் தேயிலைக் களஞ்சியத்தில் வேலை. கப்பலுக்குப் போகும் தேயிலைப் பெட்டிகளை எண்ணிக் குறிக்கும் கிளாக்கர். பெட்டியை எண்ணுவாரே தவிர, தன் வாழ்நாளில் ஓர் ஆணி அடித்தறியாத மனிதர். வீட்டில் சுவாமிப் படம் மாட்டவும் அம்மாதான் சுத்தியல் எடுப்பார்.

வீட்டுக்கு முருகைக்கல் சுவர், மேலே தகரம். முன்னறைக்கு மட்டும் ஒரு சீலிங் இருந்தது. பலகை அல்ல, கித்தான். வெள்ளைக்காரனுடைய கடற்படைக் கப்பலில் மேல்தட்டுக்கு நிழல் கட்டிய கித்தானாம். வீட்டுக்கார ஹாஜியாரின் வாப்பா அதை எங்கேயோ வாங்கி வந்து, தானே நான்கு சுவருக்கும் இழுத்துக் கட்டி, சுண்ணாம்பு அடித்திருந்தார். எங்கள் காலத்தில் அது நடுவில் வயிறு தள்ளித் தொங்கியது. அணில் ஓடினால் அதன் காலடி ஒவ்வொன்றும் கீழே குழிந்து குழிந்து நகர்வதைப் பார்க்கலாம். அக்காவும் நானும் பாயில் மல்லாந்து கிடந்து, அது எந்த மூலையால் இறங்கும் என்று பந்தயம் பிடிப்போம். அக்காவுக்குப் பதின்மூன்று வயது. அநேகமாக அவள்தான் வெல்வாள்.

அந்தக் கித்தான் தூசியைத் தடுத்தது, பல்லியைத் தடுத்தது. வெக்கையைத் தடுக்கவில்லை. மத்தியானத்தில் அது எங்களுக்கு மேலே இன்னொரு வெயிலாகத் தொங்கும்.

முந்திய வருடக் கச்சானில் அந்த அறையில் எங்களுக்கு ஒரு தம்பி பிறந்தான். சொன்ன நாளுக்கு வெகு முன்னமே வந்துவிட்டான் என்று பெரியவர்கள் தங்களுக்குள் கதைத்தார்கள். எங்களை உள்ளே விடவில்லை. கதவுக்கு வெளியே நின்று கேட்டோம். பூனைக்குட்டி முனகுவதுபோல ஒரு சின்னச் சத்தம். இரண்டு நாள் கேட்டது. மூன்றாம் நாள் கேட்கவில்லை.

சல்லிக் கிராமத்திலிருந்து பெரியம்மா வந்திருந்தார். அம்மாவின் மூத்த அக்கா. கடற்கரையில் ஓலை வேய்ந்த வீட்டில் இருப்பவர். விசிறியால் முகத்துக்கு வீசிக்கொண்டு, அப்பாவின் காதில் விழும்படி சொன்னார்:

"இந்தப் போறணைக்குள்ள பச்சைப் பிள்ளை எப்பிடித் தங்கும்? வெக்கைதான் கொண்டுபோனது."

பேக்கரியில் பாண் சுடும் போறணையைச் சொல்கிறார் என்று எனக்கு விளங்கியது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எல்லோரும் அதைத்தான் நம்பினோம். வெக்கைதான் தம்பியைக் கொண்டுபோனது.

அடுத்த சித்திரைக்குள் அம்மா மறுபடி பிள்ளைத்தாய்ச்சி. வருடப் பிறப்புக்கு வந்த பெரியம்மா பலகாரத் தட்டை வைத்த கையோடு தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"ஆடி பிறந்த அண்டைக்கு வருவன். இந்த அறை இப்பிடியே கிடந்தா தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு போடுவன். பிள்ளை பிறந்து அது தவழுற மட்டும் சல்லியிலதான். சின்னப்பிள்ளையளுக்குப் பள்ளிக்கூடம் இருக்கு, அதுகள் தேப்பனோட இருக்கட்டும்."

அக்காவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். தவழும்வரை என்றால் அடுத்த சித்திரை. அம்மா இல்லாத ஒன்பது மாதம். அப்பா சமைத்தால் என்ன ஆகும் என்று நினைக்கவே எனக்கு அழுகை வந்தது. அம்மா குனிந்தபடி பலகாரத்தை எடுத்து வேறு தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தார். போகவேணும் என்றும் சொல்லவில்லை, ஏலாது என்றும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு மூன்று கிழமை இருக்கும். ஒரு பின்னேரம் அப்பா சைக்கிளை ஓடவில்லை, தள்ளிக்கொண்டு வந்தார். கரியரில் ஒரு தேயிலைப் பெட்டி, ஒரு பக்கம் உடைந்தது. வாசலிலேயே கத்தினார்: "இஞ்சேர்! பிள்ளையள்! எல்லாரும் வாங்கோ!"

அப்பா கத்தி நாங்கள் கேட்டதில்லை. ஓடினோம்.

"உதுக்குள்ள கையை விடு பிள்ளை" என்றார் என்னிடம். விட்டேன். பெட்டியின் உட்பக்கம் முழுக்க ஈயத்தாள் ஒட்டியிருந்தது. விரலுக்கு வழுக்கியது.

"குளிருதோ?"

"ஓம் அப்பா."

"வெயிலுக்க கிடந்த பெட்டி! மத்தியானம் முழுக்கப் போட்டு வச்சுப் பாத்தனான். வெளியால சுடுது, உள்ளுக்க குளிர்!" அவருடைய மூக்குக்கண்ணாடி வியர்வையில் வழுகி மூக்கு நுனியில் நின்றது. "தேயிலையை ஒரு மாசம் கப்பல்ல பழுதாகாமல் வச்சிருக்குமெண்டா, பிள்ளையை வச்சிருக்காதோ?"

அம்மா பெட்டியைப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார், கொஞ்ச நேரம். "சரி, செய்யுங்கோவன்" என்றார்.

ஹாஜியாரிடம் கேட்க அப்பா அடுத்த நாளே போனார். கிண்ணியாப் பக்கம் வயலும் நகரத்தில் கடையும் உள்ள மனிதர். நல்லவர்தான், ஆனால் தன் வாப்பாவின் பொருள் என்றால் ஒரு தும்பையும் அசைக்க விடமாட்டார். "பழசைக் கழட்ட வேணாம், கிளாக்கர். எங்கட வாப்பா கையால கட்டினது. கீழ என்னத்தையும் செஞ்சுக்கங்க" என்று சொல்லிவிட்டார். ஆகவே பழையதற்குக் கீழே புதியது.

உடைந்த பெட்டிகளைக் களஞ்சியத்தில் எரிப்பது வழக்கம். அப்பா அங்கிருந்த மேலதிகாரியிடம் கேட்டு அனுமதி வாங்கினார். தினமும் பின்னேரம் கரியரில் இரண்டு, ஹாண்டிலில் ஒன்று. முற்றம் பெட்டியால் நிறைந்தது. அக்காவுக்கும் எனக்கும் பள்ளிக்கூடம் விட்டால் அதுதான் வேலை. பெட்டியின் விளிம்புகளில் தகரப் பட்டி அடித்திருக்கும். அதைக் குறட்டால் கழற்றவேணும். விரலை வெட்டும். சின்னஞ்சிறு ஆணிகளைப் பிடுங்கி, கல்லில் வைத்துத் தட்டி நிமிர்த்தி, பால் பேணியில் போடவேணும். பெட்டி மூலையில் தேயிலைத் தூள் மிஞ்சியிருக்கும். கோழி இறகால் கூட்டி எடுத்து ஒரு நாள் அம்மாவைத் தேத்தண்ணி ஊற்றச் சொன்னோம். கடல் தண்ணீர் பட்ட பெட்டி. உப்புக் கரித்தது. அப்பா ஒரு மிடறு குடித்து, முகத்தை மாற்றாமல், "நல்ல தேயிலை" என்றார். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு குசினிக்குள் போனார்.

ஈயத்தாளைக் கிழிப்பது பெரிய குற்றம். ஆனாலும் நான் கொஞ்சம் திருடி என் பல்லில் ஒட்டிக்கொண்டு அடுத்த வீட்டுப் பிள்ளைகளுக்குச் சிரித்துக் காட்டினேன். ஒழுங்கை முழுக்க எங்கள் வீட்டைப் பற்றித்தான் கதை. "கிளாக்கர் வீட்டைத் தேயிலைப் பெட்டிக்குள்ள போடப்போறாராம்."

அப்பா களஞ்சியத்தில் சும்மா கிடந்த ஒரு வெப்பமானியையும் இரவல் வாங்கி வந்தார். முன்னறைச் சுவரில் மாட்டி, அதற்கு அக்காவைப் பொறுப்பாக்கினார். அக்காவுக்குக் கணக்கென்றால் உயிர். பழைய கொப்பி ஒன்றில் கோடு போட்டு, காலை, மத்தியானம், பின்னேரம் என்று எழுதினாள். பள்ளிக்கூட நாளில் மத்தியானக் கணக்கை அம்மா பார்த்துச் சொல்வார். அந்த அறையில் இரண்டு மணிக்குத் தொண்ணூற்றெட்டு பாகை ஃபாரன்ஹீட்.

வைகாசிக் கடைசியில் அப்பா ஏணியில் ஏறினார். முதல் ஆணியை அடித்தார். இரண்டாவதில் பெருவிரலை அடித்தார். சத்தம் போடாமல் இறங்கி, கிணற்றடிக்குப் போய், விரலைத் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டு நின்றுவிட்டுத் திரும்பி வந்து மறுபடி ஏறினார். ஒவ்வொரு ஞாயிறும் அப்படித்தான். சுவரோடு றீப்பைச் சட்டங்களை ஓட்டி, குறுக்கே றீப்பை போட்டு, அதில் பலகையைப் பொருத்தினார். ஈயத்தாள் மேலே பார்க்கவேணும். பெட்டியின் உட்பக்கம்தான் ஈயத்தாள் என்பதால், வெளிப்பக்கம் எங்களைப் பார்த்து வந்தது. வெளிப்பக்கம் முழுக்கக் கறுப்பு மையில் எழுத்து. தோட்டங்களின் பெயர்கள், நிறை, துறைமுகங்கள். ஒரு பலகையில் அம்புக்குறி போட்டு ஆங்கிலத்தில் 'இந்தப் பக்கம் மேலே' என்று இருந்தது. அந்த அம்பு நேராக யன்னலைக் காட்டியது. என்னுடைய ஆங்கிலத்தில் பாதி அந்தச் சீலிங்கிலிருந்து வந்ததுதான். இன்றைக்கும் தேயிலைத் தோட்டம் ஒன்றின் பெயரைக் கேட்டால், எந்த மூலை என்று என் கண் மேலே போகும்.

மூன்று ஞாயிறு, இடையில் எத்தனையோ பின்னேரங்கள். கடைசிப் பலகையை அடித்துவிட்டு அப்பா இறங்கினார். மறுநாள் நாங்கள் பள்ளிக்கூடம் போகவில்லை. அப்பாவே லீவு போட்டுவிட்டு நின்றார். இரண்டு மணிக்கு நால்வரும் வெப்பமானிக்கு முன்னால் நின்றோம். அக்கா கண்ணைச் சுருக்கிக்கொண்டு கிட்டப் போனாள். அவள் வாசிக்கக் கனநேரம் எடுத்தாள்.

"தொண்ணூற்றாறு."

மேலே தகரம் சொடுக்குப் போட்டது.

"வெப்பமானி பிழை" என்றார் அப்பா. அதைக் கழற்றிக்கொண்டு களஞ்சியத்துக்குப் போய், மற்ற வெப்பமானியோடு சேர்த்து வைத்துப் பார்த்துவிட்டு வந்தார். முகத்தைப் பார்த்தே தெரிந்தது. வெப்பமானி சரி.

ஆடி பிறக்க இன்னும் மூன்று கிழமை.

அடுத்த நாள் நான் பள்ளிக்கூடத்தால் வர, அம்மா நிலத்தில் படுத்தபடி மேலே பார்த்துக்கொண்டிருந்தார். வயிற்றில் ஒரு கை. அக்காவை ஏணியில் ஏற்றி, "பலகையில கையை வை. எப்பிடி இருக்கு?" என்று கேட்டார்.

"சுடுது அம்மா. தோசைக்கல்லு மாதிரி."

அப்பா வேலையால் வந்ததும், உடுப்பு மாற்ற முன்பே அம்மா தொடங்கினார்.

"இஞ்சேருங்கோ. நீங்கள் வெயிலுக்க போகேக்க குடையைத் தலையில ஒட்டியே பிடிக்கிறனீங்கள்?"

"என்ன கதை இது?"

"இல்லை, சொல்லுங்கோவன். விட்டுத்தானே பிடிக்கிறியள்? கித்தான்ர வயிறு உங்கட பலகைக்கு மேல படுத்துக் கிடக்கு. கித்தான் சுடுது, அது பலகைக்குக் குடுக்குது, பலகை எங்களுக்குத் தருது. இடையில வெளி வேணும். மற்றது, குசினிக்குப் புகைக்கூடு இருக்கு. மேல நிக்கிற வெக்கைக்குப் போக எங்க வழி? ரெண்டு பக்கச் சுவரிலயும் ஓட்டை போடவேணும். காத்து ஒரு பக்கத்தால வந்து மற்றப் பக்கத்தால போகட்டும்."

அப்பா கதிரையில் இருந்தார். மேலே பார்த்தார். மூன்று ஞாயிற்று வேலை. "எல்லாத்தையும் கழட்டவேணும்" என்றார் மெதுவாக.

"ஓம்."

"நீர் ஏன் இதை முதல்லயே சொல்லேல்ல?"

"எனக்கு இண்டைக்குத்தானே விளங்கினது."

அப்பா எழுந்து சேட்டைக் கழற்றிக் கதவில் மாட்டிவிட்டு ஏணியைத் தூக்கினார். அவர் சிரித்துக்கொண்டு ஏறியதாகத்தான் எனக்கு ஞாபகம்.

இப்போது பாருங்கள், வீடு ஒரு யுத்தகளம்! பலகைகளை ஒவ்வொன்றாக இறக்கினோம். அக்கா ஒவ்வொன்றுக்கும் பின்னால் வெண்கட்டியால் இலக்கம் போட்டாள். கிழிந்த ஈயத்தாளுக்கு மாப் பசை காய்ச்சி ஒட்டுப் போட்டோம். றீப்பைகளை ஒரு முழம் கீழே இறக்கி அடித்தார் அப்பா. இந்த முறை அவர் விரலில் அடிக்கவில்லை. சமையல் ஒரு நேரம்தான். பாணும் சம்பலுமாக ஓடியது. அதைப் போல ருசியான சாப்பாடு எனக்குப் பிறகு வாய்க்கவில்லை.

மிஞ்சியது சுவர். முருகைக்கல் சுவர், அதுவும் ஹாஜியாரின் வாப்பா கட்டினது.

ஒருவரும் போய்ச் சொல்லாமலே ஹாஜியார் ஒரு பின்னேரம் சைக்கிளில் வந்து இறங்கினார். ஒழுங்கைக் கதை அவருடைய கடைவரை போயிருந்தது. உள்ளே வந்து மேலே பார்த்தார். கித்தான் பத்திரமாக இருப்பதைக் கண்டு மூச்சு விட்டார். பிறகு சுவரை உடைக்க மூலையில் சாத்தியிருந்த அலவாங்கைக் கண்டார்.

"இது என்னத்துக்கு, கிளாக்கர்?"

அப்பா சொன்னார். அவர் சொல்லி முடிக்க முன்பே ஹாஜியார் தலையாட்டத் தொடங்கிவிட்டார்.

"சுவர்ல கை வைக்க வேணாம். சீலிங் அடிக்கத்தான் சொன்னேன். இது வாப்பா வச்ச சுவர். மழைக்குத் தண்ணி இறங்கும், காக்கா கூடு கட்டும். வேணாம், கிளாக்கர். சொல்றத்தக் கேளுங்க."

அப்பாவுக்கு வாக்குவாதம் வராது. "சரி ஹாஜியார்" என்று சொல்லப் போகிறார் என்று அவருடைய தோளைப் பார்த்தே எனக்குத் தெரிந்தது. அக்கா என் கையைப் பிடித்து நெரித்தாள்.

அப்போது அம்மா குசினியிலிருந்து வந்தார். ஹாஜியார் வந்தால் கதவுச் சீலைக்குப் பின்னால் நின்று தேத்தண்ணியை அப்பாவிடம் நீட்டுவதுதான் அம்மாவின் வழக்கம். அன்று சீலையை விலக்கிக்கொண்டு வந்து அறை நடுவில் நின்றார். எட்டு மாத வயிறு.

"ஹாஜியார், எனக்குப் போன வருசம் ஒரு பிள்ளை இந்த அறைக்குள்ளதான் போனது" என்றார். "இந்த மூலையிலதான். இந்த முறை பிள்ளையை இதே மூலையில கிடத்தப்போறன். வேற இடத்துக்குப் போக எனக்கு விருப்பமில்லை. ரெண்டு கல்லுத்தான் கேக்கிறன்."

குரல் உயரவில்லை. அழவுமில்லை. ஹாஜியார் அந்த மூலையைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றி, தலையைத் தடவி, மறுபடி போட்டுக்கொண்டார். பிறகு சாரத்தை மடித்துக் கட்டினார்.

"அந்த அலவாங்கை இங்க தாங்க, கிளாக்கர். என்ட சுவர நானே உடைச்சா யாரு கேக்கிறது?"

அறுபது தாண்டிய மனிதர் ஏணியில் ஏறினார். அப்பா ஏணியைப் பிடித்தார், அக்கா அப்பாவைப் பிடித்தாள். முகட்டுக்குக் கீழே, கித்தானின் ஓரத்தை விலக்கி, அதற்கு மேலே சுவரில் ஒரு கல்லைச் சுற்றிச் சுண்ணாம்பை இடித்தார். முதலில் இந்தப் பக்கம். பிறகு ஏணியை மாற்றி அந்தப் பக்கம். அந்தக் கல் வெளியே விழுந்த சத்தம் கேட்டதுதான் தாமதம், வெளியே அடித்துக்கொண்டிருந்த கச்சான் ஒரே மூச்சில் உள்ளே வந்து, விலக்கிய ஓரத்தால் கித்தானுக்குக் கீழே புகுந்தது. வருடக்கணக்காக வயிறு தள்ளித் தொங்கிய கித்தான் 'படார்' என்று மேலே எழும்பியது! பாய் விரித்த கப்பல்போல நிமிர்ந்து நின்று படபடத்தது. அதன் சுண்ணாம்பும், அணில் சேர்த்த கொட்டைகளும், எத்தனையோ காலத்துத் தூசியும் சுவரோர இடுக்குகளால் எங்கள் எல்லோர் தலையிலும் கொட்டின.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால், அப்பா வெள்ளை, அக்கா வெள்ளை, ஏணி உச்சியில் ஹாஜியார் தாடியோடு சேர்ந்து முழு வெள்ளை. அவர் மேலே படபடக்கும் கித்தானைப் பார்த்து, "வாப்பா!" என்றார்.

அம்மா சிரிக்கத் தொடங்கினார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, நிற்க ஏலாமல் கதிரையில் இருந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். ஒரு வருடத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பைக் கேட்கிறேன். அப்பா சீலிங்கையும் பார்க்கவில்லை, ஹாஜியாரையும் பார்க்கவில்லை. அம்மாவைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஓட்டைகளுக்குக் கம்பி வலை அடித்தோம். மழைக்கு மேலால் ஒரு தகரத் துண்டு. ஹாஜியார் மூன்று பின்னேரம் கடையை மகனிடம் விட்டுவிட்டு வந்து பலகை பிடித்தார். அக்கா இலக்கத்தைச் சொல்ல, நான் பலகையை எடுத்துக்கொடுக்க, ஹாஜியார் தலையால் முட்டுக் கொடுக்க, அப்பா ஆணி அடிக்க, எங்கள் சீலிங் இரண்டாம் முறை மேலே ஏறியது. ஆனி முப்பத்தொன்றாம் நாள் பின்னேரம் கடைசி ஆணி.

ஆடி முதலாம் நாள் பெரியம்மா சல்லி பஸ்ஸில் வந்து இறங்கினார். அம்மாவின் உடுப்புகளை வைத்துக் கொண்டுபோக ஒரு வெறும் பையும் கொண்டுவந்தார். வெயிலில் நடந்து வந்த முகம் சிவந்திருந்தது. சீலிங்கைப் பார்த்தார்.

"என்ன இது, கடைச் சாமான் அடுக்கின மாதிரி?"

"மச்சாள், சாப்பிட்டுட்டு இந்த அறையில கொஞ்சம் இருந்து பாருங்கோ. பிறகு சொல்லுங்கோ" என்றார் அப்பா.

சோறும் மீன் குழம்பும் சாப்பிட்டு, சரியாக ஒன்றரைக்குப் பெரியம்மா முன்னறையில் பாயில் இருந்தார். விசிறியைக் கையில் வைத்திருந்தார், அதையும் வீசிக்கொண்டிருந்தார். நாங்கள் நால்வரும் விறாந்தையில், மூச்சு விடாமல். வெயில் ஏற ஏற அறைக்குள்ளிருந்து ஒரு வாசம் வரத் தொடங்கியது. புதுத் தேயிலைப் பொட்டலத்தைப் பிரித்ததுபோல. விசிறிச் சத்தம் மெதுவாகியது. நின்றது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு கேட்டது குறட்டை.

அக்கா தவழ்ந்துபோய் வெப்பமானியைப் பார்த்துவிட்டு, விரல்களால் காட்டினாள். எண்பத்தொன்பது! அப்பா இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். நான் கத்தப் போனேன். அம்மா என் வாயைப் பொத்தினார். அவருடைய கையும் ஆடிக்கொண்டிருந்தது, சிரிப்பில்.

பெரியம்மா நாலு மணிக்கு எழும்பினார்.

"நல்ல நித்திரையோ அக்கா?" என்றார் அம்மா.

"ஆர் நித்திரை கொண்டது? கண்ணை மூடிக்கொண்டு கிடந்தனான்." கொண்டையை அவிழ்த்துக் கட்டினார். மேலே பார்த்தார். பையை எடுத்து மடித்து இடுப்பில் செருகினார். "சரி, நீ இஞ்சயே இரு. ஆனா பிள்ளை பிறந்து முப்பத்தொண்டாம் நாள் கழியுமட்டும் நானும் இஞ்சதான்."

அப்படியே நின்றார். அந்தப் பாயும் அந்த இடமும் அவருடையதாயிற்று. அப்பாவுக்கு விறாந்தை.

ஆவணியில் ஆஸ்பத்திரியில் தம்பி பிறந்தான். நிறைமாதப் பிள்ளை. அவனை அழுதபடியே வீட்டுக்குக் கொண்டுவந்து அந்த மூலையில் கிடத்தினார்கள். மேலே பார்த்தான், அழுகையை விட்டான். கறுப்பு எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு கிடந்தான். "வாசிக்கிறான் பாருங்கோ, வாசிக்கிறான்!" என்று அப்பா ஒழுங்கைக்கு ஓடிப்போய் எல்லோருக்கும் சொன்னார்.

அப்பா தன் கையால் ஒரு பிள்ளையைக் காப்பாற்றினார் என்றுதான் நான் நம்பி வளர்ந்தேன்.

பிறகு நான் படித்து, மருத்துவமாதுப் பயிற்சிக்குப் போனேன். முதல் வருடத்தில் ஒரு நாள், ஏழாம் மாதத்தில் பிறந்த ஒரு பிள்ளையைக் கையில் வாங்கினேன். அது முனகியது. பூனைக்குட்டி முனகுவதுபோல. நெஞ்சு முற்றாத பிள்ளை ஒவ்வொரு மூச்சையும் வெளியே தள்ளும்போது வரும் சத்தம் அது என்று படிப்பித்த அம்மையார் சொன்னார். நேரத்துக்கு முந்தி வந்த பிள்ளைகளுக்கு வருவது. அந்த நாளில் அதற்கு மருந்துமில்லை. என் தம்பியை வெக்கை கொண்டுபோகவில்லை.

லீவில் வந்தபோது அம்மாவிடம் சொன்னேன். அப்பா வேலைக்குப் போயிருந்தார். அம்மா முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தார். நான் சொல்வதையெல்லாம் கேட்டுக்கொண்டு உருவிக்கொண்டே இருந்தார்.

"எனக்குத் தெரியும் பிள்ளை" என்றார்.

"எப்ப தெரியும்?"

"அண்டைக்கே. மிட்வைஃப் அம்மா போகேக்க சொல்லிப்போட்டுத்தான் போனவா. பிள்ளைக்கு நெஞ்சு முத்தேல்ல, ஆராலயும் ஒண்டும் செய்திருக்க ஏலாது எண்டு."

அம்மா அன்று ஹாஜியாருக்கு முன்னால் நின்று சொன்னதை நினைத்துப் பார்த்தேன். பிள்ளை இந்த அறைக்குள் போனது என்றுதான் சொன்னார். வெக்கையால் போனது என்று அவர் ஒரு நாளும் சொல்லவில்லை.

"அப்பாவுக்குச் சொல்லேல்லையோ?"

"சொன்னனான். அது அவருக்குள்ள இறங்கேல்ல. ஒண்டும் செய்திருக்க ஏலாது எண்டதுதான் அந்த மனுசனால தாங்க ஏலாமப்போனது. வெக்கை எண்டா அதோட சண்டை பிடிக்கலாம்." இலைகளைச் சுளகில் பரப்பினார். "ஒரு வருசமா வேலையால வந்து சுவரைப் பாத்துக்கொண்டு இருந்த மனுசன். அண்டைக்குப் பெட்டியைக் கட்டிக்கொண்டு, எல்லாரையும் கூப்பிட்டுக் கத்திக்கொண்டு வாறார். நான் வேண்டாமெண்டு சொல்லுவனே?"

ஒழுங்கையில் சைக்கிள் மணி கேட்டது. அம்மா எழுந்து, சீலையை உதறிவிட்டு, தேத்தண்ணி வைக்கப் போனார். அப்பா உள்ளே வந்து, "எப்ப வந்தனீ பிள்ளை?" என்று என் தலையைத் தொட்டார். "இப்பதான் அப்பா" என்றேன். அதைத் தவிர வேறொன்றும் அன்றைக்கும் சொல்லவில்லை, பிறகு அவர் இருந்த இருபது வருடத்திலும் சொல்லவில்லை.